மேலேறுவதற்கு மிஞ்சும் வலு

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலை. திருகோணமலையின் சீனக்குடா விமானத்தளத்தின் ஓடுபாதையிலிருந்து ஒரு ஹரிக்கேன் போர்விமானம் எழும்பிக்கொண்டிருந்தது. அதைச் செலுத்தியவர் 261 ஆம் ஸ்குவாட்ரனின் தளபதி ஆல்பர்ட் லூயிஸ். தென்னாபிரிக்கர், 1940 இல் பிரித்தானிய வான்போரில் பெயரெடுத்தவர். சக்கரங்கள் நிலத்தை விட்டுச் சில விநாடிகள்தான் ஆகியிருக்கும், ஜப்பானிய சீரோ ஒன்று மேலிருந்து வந்து சுட்டது. தோளில் காயம்பட்ட லூயிஸ் வெறும் 200 அடி உயரத்தில் பரசூட்டுடன் குதித்து உயிர் தப்பினார். அவருடைய அனுபவமும் திறமையும் அந்த நேரத்தில் உதவவில்லை. விமானம் தாழ்வாகவும் மெதுவாகவும் இருந்தது. எஞ்சின் தந்த வலுவெல்லாம் நிலத்தை விட்டு மேலேறுவதற்கே போய்க்கொண்டிருந்தது. திரும்பவோ விலகவோ எதுவும் கையிருப்பில் இல்லை.

அதே காலையில் வேறு மூன்று ஹரிக்கேன்கள் முன்னதாகவே உயரத்தில் இருந்தன. எலிசபெத் முனை ராடர் நிலையம் ஜப்பானிய அணியை ஏறக்குறைய 90 மைல் தொலைவிலேயே கண்டுவிட்டதால் மற்ற விமானங்களில் பெரும்பாலானவற்றாலும் நேரத்துக்கு எழும்ப முடிந்தது. மேலே காத்திருந்தவை பாய்ந்து இறங்கிச் சீரோக்களைத் தாக்கின. அன்று வந்த ஜப்பானிய விமானங்கள் நூற்று முப்பதுக்கும் அதிகம். சீனக்குடாவின் ஹரிக்கேன்களில் எட்டு அழிந்தன. ஆனாலும் நான்கு நாட்களுக்கு முன், ஏப்ரல் 5 ஞாயிறன்று, இரத்மலானையில் நடந்ததோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். அங்கே 30 ஆம் ஸ்குவாட்ரனுக்கு முன்னெச்சரிக்கையே கிடைக்கவில்லை. எதிரி தலைக்கு மேல் வந்த பிறகுதான் ஹரிக்கேன்கள் ஓடுபாதையில் ஓடத் தொடங்கின.

விமானம் ஒன்றே, எஞ்சின் ஒன்றே. வேறுபட்டது உயரம் மட்டும். அந்த உயரத்தை எத்தனை நிமிடத்தில் எட்டலாம், எவ்வளவு செங்குத்தாக எட்டலாம் என்ற இரண்டு கேள்விகளும்தான் இந்த அத்தியாயத்தின் பொருள். போர் முடிந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சீனக்குடாவில் இன்று இலங்கை விமானப்படையின் அகாதமி இயங்குகிறது; செஸ்னா 150, சீனத் தயாரிப்பான பிடி-6 போன்ற சிறிய விமானங்களில் இளைஞர்கள் பறக்கப் பழகிவந்த இடம் அது. 1942 இல் லூயிஸின் ஹரிக்கேனைக் கட்டுப்படுத்திய அதே கணக்குத்தான் இந்தச் சின்ன விமானங்களையும் கட்டுப்படுத்துகிறது. அதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் போதும்.

உதைப்பு எதைச் சுமக்கிறது?

புதிதாகப் பழக வருகிறவர்களிடம் பரவலாக இருக்கும் ஒரு தவறான எண்ணத்தை முதலில் அகற்ற வேண்டும். இறக்கைகள் அதிகமாகத் தூக்குவதால் விமானம் மேலேறுகிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள். சீரான வேகத்தில் மேலேறும் விமானத்தில் இறக்கைகளின் தூக்குவிசை அதன் நிறையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். மீதியைச் சுமப்பது எஞ்சினின் உதைப்பு.

செஸ்னா 150 ஐ எடுத்துக்கொள்ளலாம். முழுச் சுமையுடன் அதன் நிறை 1,600 இறாத்தல். கடல்மட்டத்தில், நியம வளிமண்டலத்தில், ஏறக்குறைய 68 நொட் வேகத்தில் நிமிடத்துக்கு 670 அடி ஏறும். இந்த இரு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் பாதையின் சாய்வு ஐந்தரைப் பாகையை ஒட்டி வருகிறது. அந்தச் சாய்வில் தூக்குவிசை 1,592 இறாத்தல். அதாவது நிறையைவிட 8 இறாத்தல் குறைவு. சாய்வின் வழியே பின்னோக்கி இழுக்கும் நிறையின் கூறு 155 இறாத்தல். காற்றின் இழுவையை ஈடுசெய்த பிறகு இந்த 155 ஐயும் புரொப்பெல்லர்தான் தாங்குகிறது.

சாய்வு எவ்வளவு இருக்கும் என்பதை முடிவுசெய்வது இதுதான்: உதைப்பிலிருந்து இழுவையைக் கழித்து, மிஞ்சுவதை நிறையால் வகுக்க வேண்டும். உதைப்பு கூடினால் சாய்வு கூடும். இழுவை கூடினாலும் நிறை கூடினாலும் குறையும்.

ஏறிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டால் ஏன் உடனே மூக்கைத் தாழ்த்தச் சொல்லுகிறார்கள் என்பதும் இங்கேயே விளங்கிவிடும். இழுவையையும் அந்த 155 இறாத்தலையும் தாங்கிக்கொண்டிருந்த கை ஒரே கணத்தில் விலகிவிட்டது. மூக்கு மேலே நோக்கியபடியே இருந்தால் இரண்டு விசைகளும் சேர்ந்து விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். சில விநாடிகளில் வேகம் செத்து இறக்கைகள் காற்றைப் பிடிக்காத நிலை வந்துவிடும். சமதளப் பறப்பில் எஞ்சின் நின்றால் கிடைக்கும் அவகாசம் ஏற்றத்தில் கிடைப்பதில்லை. ஆசிரியர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவது வெறும் கண்டிப்புக்காக அல்ல.

ஒரு குதிரைவலு, 33,000 இறாத்தல்

சாய்வு ஒரு விஷயம், வேகமாக உயரம் பெறுவது வேறு விஷயம். கோணேசர் கோயில் ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியும். சாய்வு மாறாதவரை மிதியில் கொடுக்க வேண்டிய விசை மாறாது; ஆனால் கோயில் வாசலை ஐந்து நிமிடத்தில் அடைவதா பத்து நிமிடத்தில் அடைவதா என்பதைக் காலின் வலுதான் தீர்மானிக்கும். விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது வலு. விமானத்திலும் அப்படியே. எவ்வளவு செங்குத்தாக ஏறலாம் என்பது மிச்ச உதைப்பின் கையில்; எவ்வளவு விரைவாக உயரம் பெறலாம் என்பது மிச்ச வலுவின் கையில்.

இந்தக் கணக்குக்கு ஒரு எளிய வழி உண்டு. ஒரு குதிரைவலு என்பது ஒரு நிமிடத்தில் 33,000 இறாத்தலை ஓர் அடி உயர்த்தும் வேலை. ஆகவே ஏறும் வீதத்தை நிறையால் பெருக்கி 33,000 ஆல் வகுத்தால் மேலேறுவதற்குச் செலவாகும் குதிரைவலு கிடைத்துவிடும். செஸ்னாவுக்கு 670 ஐ 1,600 ஆல் பெருக்கி 33,000 ஆல் வகுத்தால் விடை 32 ஐச் சற்றுத் தாண்டும்.

இந்த 32 ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எஞ்சினின் பெயர்ப்பலகையில் 100 குதிரைவலு என்று இருக்கிறது. அந்த நூறு 2,750 சுற்றுவேகத்தில்தான் கிடைக்கும். மாறாத கோணமுடைய புரொப்பெல்லர் பூட்டிய இந்த விமானம் ஏறும்போது எஞ்சின் அந்தச் சுற்றை எட்டாது, ஆகவே முழு நூறு பிறப்பதே இல்லை. பிறப்பதிலும் ஒரு பகுதியைப் புரொப்பெல்லர் காற்றைக் குழப்புவதிலேயே இழந்துவிடும். மீதியில் பெரும்பங்கு விமானத்தை வெறுமனே காற்றில் நிறுத்தி வைப்பதற்கே போகிறது. கடைசியில் மூன்றில் ஒரு பங்குதான் உயரமாக மாறுகிறது.

பிடி-6 இல் நிலைமை சற்று வசதி. ஒன்பது சிலிண்டர் கொண்ட நட்சத்திர எஞ்சின் 285 குதிரைவலு தரும். முழுச் சுமை 1,400 கிலோ, இறாத்தலில் 3,086. கடல்மட்டத்தில் ஏறும் வீதம் நிமிடத்துக்கு 380 மீற்றர், ஏறக்குறைய 1,250 அடி. கணக்கைப் போட்டால் மேலேறுவதற்குச் செலவாவது 117 குதிரைவலு. செஸ்னாவைவிட மூன்றரை மடங்கு மிச்சம் இருந்தும் நிறை ஏறத்தாழ இரண்டு மடங்காக இருப்பதால் ஏறும் வீதம் இரண்டு மடங்குக்குக் கிட்டத்தான் வருகிறது.

எஞ்சினின் முழு வலு முக்கியமல்ல, மிஞ்சுவதே முக்கியம். இதற்கு 1942 ஐவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஹரிக்கேனும் சீரோவும்

அன்று சீனக்குடாவுக்கு மேலே மோதிய இரண்டு விமானங்களையும் எடையில் வைத்துப் பார்ப்போம். ஹரிக்கேனின் 2 பி ரகத்துக்கு மெர்லின் 20 எஞ்சின். புறப்படும்போது சுமார் 1,280 குதிரைவலு. நிறை சுமார் 7,300 இறாத்தல். சீரோவின் சக்காயே 12 எஞ்சின் தருவது 940 குதிரைவலு மட்டுமே. நிறை 2,410 கிலோ, அதாவது சுமார் 5,300 இறாத்தல். வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் ஒவ்வொரு குதிரைவலுவும் ஐந்தரை முதல் ஆறு இறாத்தல்வரை சுமக்கிறது. ஏறக்குறைய சமம்.

ஆனால் சீரோ 6,000 மீற்றர் உயரத்தை 7 நிமிடம் 27 விநாடியில் எட்டியது. ஹரிக்கேனுக்கு அதே உயரத்துக்கு ஒன்பது நிமிடமளவு வேண்டியிருந்தது. வெப்பநாடுகளுக்காக மூக்கின் கீழ் பூட்டிய பருத்த தூசுவடிகட்டி அதை இன்னும் தாமதப்படுத்தியது. எஞ்சினும் நிறையும் சமமான விகிதத்தில் இருக்க, ஏற்றம் மட்டும் ஏன் வேறுபட்டது?

மேலே சொன்ன வழியில் தோராயமாகக் கணக்கிட்டால் சீரோ ஏற்றத்துக்குச் செலவிட்டது சராசரியாக 425 குதிரைவலு. ஹரிக்கேன் செலவிட்டது 490. புரொப்பெல்லர் இழப்புக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் சீரோவுக்குக் கையில் கிடைத்தது 750. அதில் 325 ஐத்தான் பறந்துகொண்டிருப்பதற்குக் கொடுத்தது. ஹரிக்கேனுக்குக் கிடைத்தது 1,020. அதில் 530 பறந்துகொண்டிருப்பதற்கே போய்விட்டது. உயரம் கூடக்கூட எஞ்சின்களின் வலு மாறும் என்பதால் இந்த எண்களை நுணுக்கமாக எடுக்கக் கூடாது. ஆனாலும் அவை காட்டும் படம் சரியானது.

காரணம் இறக்கையில் இருக்கிறது. இரண்டின் இறக்கைப் பரப்பும் கிட்டத்தட்ட ஒன்று: சீரோவுக்கு 22.4 சதுர மீற்றர், ஹரிக்கேனுக்கு 23.9. ஆனால் சீரோவின் ஒவ்வொரு சதுர மீற்றரும் 107 கிலோவைச் சுமந்தபோது ஹரிக்கேனின் ஒவ்வொரு சதுர மீற்றரும் சுமார் 138 கிலோவைச் சுமந்தது. மெதுவான ஏற்றவேகத்தில் அதிகம் சுமக்கும் இறக்கை காற்றைக் கூடுதலாகக் கீழே தள்ளவேண்டும்; அந்தத் தள்ளலின் விலை இழுவையாக வந்து சேரும். சீரோவை வடிவமைத்த ஹொரிக்கோஷி ஜிரோ கவசத்தையும் தானே அடைபடும் எரிபொருள் தாங்கியையும் விட்டுவிட்டு நிறையைக் குறைத்தார். அதனால் கிடைத்த ஏற்றத்துக்கு ஜப்பானிய விமானிகள் தங்கள் உயிரால் விலை கொடுத்தார்கள். ஒரு சில குண்டுகள் பட்டாலே சீரோ தீப்பிடித்தது. நிறையைக் குறைப்பதன் இலாபத்தை எழுதும்போது இந்தச் செலவையும் அதே பக்கத்தில் எழுதியாக வேண்டும்.

ஹரிக்கேன் விமானிகளுக்கு இதிலிருந்து கிடைத்த பாடம் தெளிவானது: சீரோவோடு ஏற்றத்தில் போட்டியிடக் கூடாது, முன்கூட்டியே மேலே போய்க் காத்திருக்க வேண்டும். ராடர் தந்த அரை மணியை ஒட்டிய அவகாசத்தில் ஒன்பது நிமிட ஏற்றம் அடங்கும். இரத்மலானையில் அந்த ஒன்பது நிமிடம் இருக்கவில்லை.

எஞ்சின் வலு பெரிதாக இருந்தும் ஏற முடியாத விமானம் ஒன்றும் அந்த வாரத்தின் கதையில் இருக்கிறது. ஏப்ரல் 4 அன்று கொக்கலையிலிருந்து போய் ஜப்பானியக் கடற்படையை முதலில் கண்டவர் கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல். அவர் ஓட்டியது கற்றலீனா என்ற பறக்கும் படகு. 1,200 குதிரைவலு எஞ்சின்கள் இரண்டு. ஆனால் முழுச் சுமையில் அதன் நிறை 35,000 இறாத்தலைத் தாண்டும். ஒரு குதிரைவலு சுமப்பது ஏறக்குறைய 15 இறாத்தல், செஸ்னா 150 இன் 16 க்குப் பக்கத்தில். சீரோக்கள் துரத்தியபோது உயரத்தில் தப்பும் வழி அவருக்கு இல்லை. கப்பல்களைக் கண்ட செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார். போர் முடியும்வரை ஜப்பானில் கைதியாக இருந்தார்.

புரொப்பெல்லரும் ஜெட்டும்

எந்த வேகத்தில் ஏறுவது? இந்தக் கேள்விக்குப் புரொப்பெல்லர் விமானமும் ஜெட் விமானமும் வேறு வேறு பதில் சொல்லும்.

புரொப்பெல்லர் எஞ்சின் தருவது வலு. வேகம் எதுவானாலும் அந்த வலு அதிகம் மாறாது. ஆகவே வேகம் கூடினால் உதைப்பு குறைந்தே தீரும். புரொப்பெல்லரிலிருந்து 75 குதிரைவலு பயனாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் 50 நொட்டில் அது 490 இறாத்தல் உதைப்பு, 100 நொட்டில் அதில் பாதி. ஜெட் எஞ்சின் தருவது உதைப்பு. அது வேகத்தோடு பெரிதாக மாறாது; ஆகவே வேகம் கூடினால் வலு கூடும். 1959 இன் பின் அன்றைய அரச இலங்கை விமானப்படை வாங்கிய ஜெட் புரொவோஸ்ட் விமானங்கள் 1971 கிளர்ச்சியின்போது சேமிப்பிலிருந்து எடுக்கப்பட்டு மீண்டும் பறந்தன. அவற்றின் வைப்பர் எஞ்சினின் உதைப்பு 1,750 இறாத்தல். 100 நொட்டில் அதன் மதிப்பு 540 குதிரைவலு. 200 நொட்டில் 1,070. எரிபொருள் நெம்புகோலைத் தொடாமலேயே வலு இரட்டிப்பாகிவிடுகிறது.

அதனால்தான் ஜெட் விமானம் எழும்பியதும் முதலில் வேகத்தைச் சேர்த்துக்கொண்டு பிறகு ஏறுகிறது. விரைவாக உயரம் பெறும் அதன் வேகம், இழுவை மிகக் குறைவாக இருக்கும் வேகத்தைவிட மிக அதிகம். புரொப்பெல்லர் விமானத்தில் எல்லாம் கீழே நகர்ந்துவிடும். மிகச் செங்குத்தாக ஏறும் வேகம் இறக்கைகள் பிடிவிடும் வேகத்துக்குச் சற்றே மேலே இருக்கும். மிக விரைவாக ஏறும் வேகம் அதிலிருந்து பத்துப் பதினைந்து நொட் கூட.

இந்த இரண்டில் எதை எப்போது பிடிப்பது என்பதில் பழகுநர்கள் தடுமாறுகிறார்கள். முன்னே மரமோ கட்டடமோ இருந்து அதைத் தாண்ட வேண்டுமானால் செங்குத்து வேகம். தாண்டியதும் மூக்கைத் தாழ்த்தி விரைவான ஏற்ற வேகத்துக்கு வந்துவிட வேண்டும். செங்குத்து வேகத்திலேயே தொடர்ந்தால் எஞ்சினுக்குக் குளிர்காற்று போதாது, முன்னே பார்வை மறையும், எஞ்சின் நின்றால் மீளுவதற்கு வேகம் இருக்காது.

அதைவிடவும் ஆபத்தானது அந்த வேகத்துக்கும் கீழே போவது. ஏற்றம் போதவில்லை என்று தோன்றும்போது மூக்கை மேலும் உயர்த்துவது மனித இயல்பு. வேகம் குறைகிறது, இறக்கைகள் அதே நிறையைத் தூக்க இன்னும் கூடிய கோணத்தில் நிற்கவேண்டி வருகிறது, இழுவை ஏறுகிறது, மிச்ச வலு சுருங்குகிறது, ஏற்றம் இன்னும் குறைகிறது. விமானி மீண்டும் இழுக்கிறார். இந்தச் சுழலிலிருந்து வெளியே வரும் வழி மனதுக்கு ஒவ்வாதது: நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போதே மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைச் சேர்க்க வேண்டும். உயரத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது இதைப் பலமுறை செய்து பார்த்தவருக்கே தாழ்வில் அது கைவரும்.

கச்சான் வீசும் பிற்பகல்

சீனக்குடா ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து சில அடி உயரத்தில்தான் இருக்கிறது. நீளம் சுமார் 2.4 கிலோமீற்றர். உயரம் இல்லை, நீளம் தாராளம். எனவே ஏற்றத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று நினைக்கத் தோன்றும். வைகாசி முதல் ஆவணிவரை, மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு சூடேறி இறங்கும் கச்சான் காற்று வீசும் பிற்பகல்களில் அந்த நினைப்பு பிழைத்துப் போகும்.

கையேட்டில் உள்ள 670 அடி நியம வளிமண்டலத்துக்கு உரியது; கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸ். திருகோணமலையில் அப்படியொரு பகலே கிடையாது. பிற்பகல் வெப்பநிலை 35 பாகையைத் தொடும்போது வளியின் அடர்த்தி ஆறரை வீதம் குறைந்துவிடுகிறது. நியம வளியில் அந்த அடர்த்தி இருப்பது ஏறக்குறைய 2,400 அடி உயரத்தில். அதாவது சக்கரங்கள் தம்பலகாமக் குடாவின் கரையில் நிற்கும்போதே எஞ்சினும் புரொப்பெல்லரும் இறக்கைகளும் 2,400 அடி மலைமேல் நிற்பதுபோல நடந்துகொள்ளும். எஞ்சினுக்குள் போகும் வளி குறைவதால் வலு குறையும். புரொப்பெல்லர் பிடிக்கும் வளி குறைவதால் உதைப்பு குறையும். அதே தூக்குவிசைக்கு விமானம் இன்னும் வேகமாக ஓடவேண்டும் என்பதால் பறப்பதற்கே ஆகும் வலுச்செலவு கூடும். கடலோர ஈரப்பதம் இன்னும் கொஞ்சத்தைப் பறித்துக்கொள்ளும், ஏனென்றால் நீராவி உலர்ந்த வளியைவிட இலேசானது.

செஸ்னா 150 சுமார் 14,000 அடியில் நிமிடத்துக்கு 100 அடிதான் ஏறும். இடைப்பட்ட வீழ்ச்சியைச் சீராகப் பங்கிட்டால் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் நாற்பது அடிபோலக் குறைகிறது. ஆகவே 35 பாகைப் பிற்பகலில் 670 ஏறத்தாழ 570 ஆகிவிடும். புது எஞ்சின், திறமையான சோதனை விமானி என்ற நிலையிலேயே இந்த எண். பல ஆயிரம் மணி ஓடிய எஞ்சினோடு, விளிம்பு கல்லடி பட்ட புரொப்பெல்லரோடு எழும்பும் விமானத்துக்கு 500 கிடைத்தால் மகிழலாம். காலை ஆறரைக்குப் பறப்பதற்கும் பிற்பகல் இரண்டரைக்குப் பறப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவ விமானி தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தால் எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அது நன்றாகச் சொல்லித் தரும்.

சுப்பர்சார்ஜர் பூட்டிய எஞ்சின் இந்த இழப்பை ஓரளவு தாங்கும். மெர்லின் 20 இல் இரண்டு வேகச் சுப்பர்சார்ஜர் இருந்தது. சக்காயே 12 இல் ஒரு வேகம்தான். ஆகவே உயரம் போகப்போக ஹரிக்கேனுக்குப் பாதகம் குறைந்தது. இன்று கொழும்பிலிருந்து சீனக்குடாவுக்குப் பயணிகளை ஏற்றிவரும் சினமன் எயாரின் செஸ்னா கரவான் விமானங்களில் இருப்பது 675 குதிரைவலு விசையாழி எஞ்சின். உள்ளே தாங்கக்கூடியதைவிடக் குறைவாகவே வலுவெடுக்க எல்லை வைத்திருப்பதால், சூடான நாளிலும் குறிப்பிட்ட அளவுவரை அதன் வலு குறைவதில்லை. ஆனால் மிதவைகள் பூட்டிய கரவானுக்கு அந்த மிதவைகளின் நிறையும் இழுவையும் ஒவ்வொரு ஏற்றத்திலும் கூடவே வரும்.

கச்சானுக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. அது தென்மேற்கிலிருந்து வருகிறது. ஓடுபாதையோ வடகிழக்கு தென்மேற்காகக் கிடக்கிறது. எழும்பும் விமானத்துக்கு நேரெதிர்க் காற்று கிடைக்கும். எதிர்க்காற்று ஏறும் வீதத்தை ஒரு அடிகூட மாற்றாது, நிலத்தின்மேல் தெரியும் சாய்வை மாற்றும். நியம வளியில் செஸ்னா 500 அடி உயரம் பெற முக்கால் நிமிடம் ஆகும். காற்றில்லாத வேளையில் அதற்குள் ஏறக்குறைய 1,570 மீற்றர் முன்னே போய்விடும். 15 நொட் எதிர்க்காற்றில் 1,220 மீற்றர் போதும். 10 நொட் பின்காற்றில் 1,800 ஆகிவிடும். ஐப்பசி கழிந்து வாடைக்காற்று திரும்பும்போது எழும்பும் திசையும் துறைமுகப் பக்கம் திரும்புவது இதற்காகத்தான்.

நிறையைப் பற்றி ஒன்று. எரிபொருளும் பையும் ஆளும் சேர்ந்து கூடும் ஒவ்வொரு இறாத்தலும் இரண்டு இடத்தில் தண்டம் வாங்குகிறது. தூக்க வேண்டிய பாரம் கூடுகிறது; அந்தப் பாரத்தோடு பறந்துகொண்டிருப்பதற்கே கூடுதல் வலு போவதால் மிச்சமும் குறைகிறது. செஸ்னாவிலிருந்து 80 கிலோ எடையுள்ள ஆசிரியர் இறங்கி, மாணவர் தனியாக எழும்பும் முதல் பறப்பில் வீதம் குறைந்தது 80 அடி கூடிவிடும். விமானம் எதிர்பார்த்ததைவிட முந்தி நிலத்தை விட்டு எழும்புவதைப் பார்த்துச் சிலர் திகைப்பார்கள். ஆசிரியர் இதை முன்பே சொல்லிவைப்பது நல்லது.

நிறுத்தற் கடிகாரத்தோடு ஒரு பயிற்சி

எந்த விமானத்தின் உண்மையான மிச்ச வலுவையும் ஒரு நிறுத்தற் கடிகாரத்தால் அளந்துவிடலாம். காற்று அடங்கிய காலையில், ஆசிரியர் துணையோடு, கையேடு சொல்லும் விரைவான ஏற்ற வேகத்தைப் பிடித்து, முழு எரிபொருள் நெம்புகோலோடு 1,000 அடியிலிருந்து 2,000 அடிவரை ஏறும் நேரத்தை அளக்க வேண்டும். வேகம் இரண்டு நொட்டுக்கு மேல் அலைந்தால் அந்த அளவீடு செல்லாது. வெளிவெப்பநிலை, எரிபொருள் அளவு, ஆட்களின் எடை ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்ள வேண்டும். அதே உயரப் பட்டையில் எதிர்த் திசையிலும் ஒருமுறை ஏறி இரண்டின் சராசரியை எடுத்தால் காற்றின் மேலெழுச்சி தாழ்ச்சியால் வரும் பிழை குறையும்.

ஆயிரம் அடிக்கு 110 விநாடி ஆனால் வீதம் நிமிடத்துக்கு 545 அடி. விமானத்தின் அன்றைய நிறை 1,550 இறாத்தல் என்றால் மிச்சம் 25 குதிரைவலுவுக்குச் சற்று மேல். கையேட்டின் அட்டவணை அதே வெப்பநிலைக்கும் நிறைக்கும் சொல்வதோடு இதை ஒப்பிட வேண்டும். சில பத்து அடி வேறுபாடு இயல்பு. நூறு அடிக்கு மேல் குறைந்தால் காரணம் தேட வேண்டும். முதலில் விமானி அறைக்குள்ளேயே: காபுரேற்றர் சூடாக்கி இழுத்தபடி இருக்கிறதா, மடிப்பிறகு முழுதாக உள்ளே போய்விட்டதா, பிடி-6 ஆனால் காற்றழுத்தத்தால் மடங்கும் சக்கரங்கள் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு சரியா. பிறகு நிலத்தில்: இரு மக்னீற்றோக்களின் சுற்று வீழ்ச்சி, நின்ற நிலையில் முழுச் சுற்று கையேட்டின் எல்லைக்குள் வருகிறதா, சிலிண்டர் அமுக்கம், வளி வடிகட்டியில் உப்பும் தூசியும், புரொப்பெல்லர் விளிம்பில் கல்லடித் தழும்பு. கடலோரத் தளத்தில் கடைசி இரண்டும் உள்நாட்டுத் தளத்தைவிடச் சீக்கிரம் வரும். காரணம் பிடிபடும்வரை அந்த விமானத்தைப் பிற்பகல் வெயிலில் முழுச் சுமையோடு எழுப்பக் கூடாது. அளந்த எண்களைப் பராமரிப்புப் பதிவேட்டில் திகதியோடு எழுதி, பொறியியல் பிரிவிடம் கொடுத்துவிட வேண்டும்.